ஞாபகப்படுத்தாதவர்

நாங்கள் முதன்முதலாக அந்த அம்மாளைப் பார்க்கப் போன அன்று, என் கணவர் தன்னுடைய செல்போனை அவர் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு மருந்துக்கடை, அதன் மாடியில் ஒரே ஓர் அறை. படியிறங்கி, தெருமுனையில் இளநீர் குடித்து, பஸ் நிலையம் வரை நடந்து, கல்பாக்கம் பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் இவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். அந்தத் தட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெயிலில் மூச்சிரைக்கத் திரும்பிப் போனோம். போன் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு நேர் எதிரே அந்த அம்மாள் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கிளம்பும்போதே இதைப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"பாத்தேம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிக்கலாம். நாளைக்கி யாரு சொல்லுவா? நீ சொல்லுவ. நீ இல்லாத அன்னிக்கி?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவரோ போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்தார். அன்றே அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

கிரிக்கெட்டுக்குத்தான் கோச் உண்டு என்று நினைத்திருந்தவள் நான். வீட்டுச் சாவியை எடுத்து வைக்கவும், போன வேலையை முடித்துவிட்டு வரவும்கூட ஒரு கோச் உண்டு என்பதை மனநல மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இவருக்கு ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை, என்றார் அவர். அது குழந்தைகளுக்கு வருவதில்லையா, நாற்பதைத் தொடப்போகிற ஆளுக்கு எப்படி என்று கேட்டேன். குழந்தையிலிருந்தே இருந்திருக்கிறது, பெயர்தான் இப்போது தெரிந்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மாத்திரை பாதிதான், மீதியைப் பழக ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று இந்த அம்மாளிடம் அனுப்பினார்.

இவரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பரனூர்ப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. யாருக்கும் பிடிபடாத பிழை ஒன்று வந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதே ஆள், ரயிலடியில் பைக்கை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, மறுநாள் பைக் திருட்டுப்போய்விட்டது என்று தெருவைக் கூட்டுவார். ஒருமுறை மாமல்லபுரத்துக்கு, எங்கள் மகளை டான்ஸ் வகுப்பிலிருந்து கூட்டிவரப் போனார். வழியில் சிற்பப் பட்டறை ஒன்றில் கல் அறுக்கும் இயந்திரம் மக்கர் செய்துகொண்டிருந்தது. இறங்கி அதைச் சரிசெய்து கொடுத்து, அவர்கள் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு, மகள் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். "பாப்பா எங்கே?" என்று நான் கேட்டபோது அவர் முகம் போன போக்கு எதிரிக்கும் வரக் கூடாது.

அதனால் நானே வீட்டின் அலாரமாக ஆகியிருந்தேன். சாவி, ஐ.டி. கார்டு, கேஸ், ஃபீஸ் என்று காலையில் திறக்கிற வாய் ராத்திரி தூங்கும்போதுதான் மூடும். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் நடுவிலும் போன் போட்டுச் சொல்வேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் மகளை இவரிடம் ஒரு ராத்திரிகூட விட்டுவிட்டுப் போனதில்லை. அவளுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, தவறவே கூடாது. திருச்சியில் என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவாகி, என்னால்தான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நான் ஒரே பெண். குறைந்தது ஒரு மாதம் போய் இருக்க வேண்டும். என் பெண்ணை இவரை நம்பி விட்டுவிட்டுப் போகலாமா என்ற ஒரே கேள்வியோடுதான் அந்த மாடிப்படி ஏறினேன்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பல வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர். திருக்கழுக்குன்றத்துக்காரர். கம்ப்யூட்டர் திரையில் வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் கச்சிதமான இங்கிலீஷில் பேசுவார். எங்களிடம் திரும்பினால் ஊர்ப் பேச்சுதான். ஒருநாள் போனபோது திரையில் ஒரு வாலிபன் அமெரிக்காவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் அந்த அம்மாள் பேசாமல் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசித் தட்டைக் கழுவியதும் அவன் கையாட்டினான், அந்த அம்மாளும் கையாட்டினார், முடிந்தது. "இதுக்கு எதுக்கு மேடம் நீங்க?" என்றேன். "தனியா கீறவனுக்குக் கை வர மாட்டேங்குதும்மா. யாராச்சும் கூட குந்திக்கினு இருந்தா வருது. அவ்ளோதான்" என்றார்.

ஏன் என்ற கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஏன் மறந்தாய், ஏன் செய்யவில்லை, கிடையாது. "அடுத்தது இன்னா?" என்று மட்டும் கேட்பார். பதில் வருகிறவரை சும்மா இருப்பார். இவர் ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்கப்பா, வாத்தியாருங்க, மேனேஜரு, நீ, எல்லாரும் ஏன்னுதான் கேட்டிருக்கீங்க. இந்தம்மா மட்டும்தான் கேக்கல" என்றார். எனக்கு அழுகை வந்தது.

"கண்ணுல படணும், கால்ல இடறணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைக் கேட்டு எங்கள் வீடு சர்க்கஸ் கூடாரம் ஆனது. ஹெல்மெட் வாசற்படி நடுவில், ஐ.டி. கார்டு ஷூவுக்குள், கட்ட வேண்டிய பில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு. வந்த விருந்தாளிகள் தடுக்கி விழுந்தார்கள். ஆனால் இவர் மறக்காமல் கிளம்பினார், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஞாபகப்படுத்தாமல் இருப்பது அந்த அம்மாளுக்கும் சுலபமாக வந்ததில்லை. யாராவது குடையையோ பையையோ விட்டுவிட்டு எழுந்தால், அவர் டப்பாவிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்துக்கொள்வார். வார்த்தை வெளியே வராமல் இருக்க அது ஒரு அடைப்பு. நாளடைவில் வருகிறவர்களெல்லாம் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கிராம்பு வாசனை வந்தால் சட்டென்று திரும்பிப் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டார்கள். இவரும் அப்படி இரண்டு தடவை தப்பித்தார். அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்ததும் டப்பாவை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, அன்றோடு கிராம்பையே நிறுத்திவிட்டார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சிரிப்பு நின்றது நெம்மேலியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன் விஷயத்தில். பரீட்சை நாள் காலையில் அவர் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு, ஹால் டிக்கெட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவர் பார்த்திருக்கிறார். கூப்பிடவில்லை. நாங்கள் படியேறும்போது அவன் அம்மாவின் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

"கண்ணால பாத்துக்கினே குந்திக்கினு இருந்தியா? நீயெல்லாம் ஒரு பொம்பளயா? உன் புள்ளயா இருந்தா இப்டி வுட்டுருப்பியா?"

"ஒரு பேப்பர்தாம்மா போச்சு. திரும்ப எழுதிக்கலாம்."

"எழுதிக்கலாமாம்! உனக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவ. வூட்ல அவன் மூஞ்சியப் பாக்கறது நானு!"

அந்த அம்மாள் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு அவரே கல்லூரிக்குப் போய் நின்று, மறுபடி எழுத ஏற்பாடு செய்தார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த பரீட்சைக்கு அவன் ஹால் டிக்கெட்டை முதல் நாளே கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தானாம். "பாத்தியா, இனிமே அவன் மறக்க மாட்டான்" என்றார் இவர். "அவங்கம்மாவும் மறக்க மாட்டாங்க" என்றேன்.

வாரம் ஒருமுறை அவர் கல்பாக்கத்தில், என் அலுவலகம் தந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். வந்தால் சாயங்காலம் கடற்கரைக்குப் போவோம். ஒருநாள் இவரும் மகளும் செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு அலையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறி வந்துகொண்டிருந்தது. செருப்பு போகப்போகிறதே என்று நான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அலை இரண்டு ஜோடியையும் வாரிக்கொண்டு போயிற்று. அப்பாவும் பெண்ணும் பின்னாலேயே ஓடி, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார், என் கையை விடாமலேயே.

"எங்கண்ணனும் இவரு மாதிரிதான். அப்போ ஏது இந்தப் பேரெல்லாம். எல்லாத்துக்கும் எங்கம்மாதான். சட்டையப் போடு, பஸ்ஸுக்கு டைம் ஆச்சு, ஊசி போட்டுக்கோ. அவனுக்கு சுகரு. அம்மா போனப்புறம் நான் போன் போட்டுச் சொல்லிக்கினு இருந்தேன், டெய்லி. ஒருவாட்டி எனக்கு டைபாய்டு. நெனவே இல்லாம ஆஸ்பத்திரில கெடந்தேன். எழுந்து வந்து பாத்தா அவன் இல்ல."

அலைச் சத்தத்தில் நான் சரியாகக் கேட்டேனா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஊசி ஃபிரிட்ஜ்லயே இருந்துது. நாங்க ரெண்டு பேரும் சேந்து அவனுக்குச் சொல்லிச் சொல்லியே, அவனா ஒண்ணு செய்றதுக்கு வுடல. அதான் நான் யாருக்கும் சொல்றதில்ல."

அன்றிலிருந்து அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் மேல் பிரியம் வந்துவிட்டது என்றே சொல்லலாம். அதே சமயம், இவ்வளவு பெரிய துக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மற்றவர்களுக்கு வழி சொல்லலாமா என்று ஒரு மூலையில் உறுத்தியது. உறுத்தியதை அப்படியே விட்டுவிட்டேன்.

என் மகளுக்கு அவர் என்றால் உயிர். "அப்பா, ஹெல்மெட்!" என்று அவளும் என்னைப்போலக் கத்துகிறவள்தான். ஒருநாள் அந்த அம்மாள் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "கண்ணு, அப்பா எதுனா மறந்தா நீ சொல்லக் கூடாது. வாய மூடிக்கினு இருந்தீன்னா அப்பாவே பாஸ் பண்ணிடுவாரு. அதான் நீ அவருக்குப் பண்ற பெரிய உதவி" என்றார். பெண் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அதன் பிறகு இவர் எதையாவது தேடி அலையும்போது, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதிப்பாள். ஞாபகம் வந்து எடுத்துவிட்டால் கைதட்டுவாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மகளின் மாத்திரைக்கு அந்த அம்மாள் ஒரு வழி செய்திருந்தார். பால் பாத்திரத்தின் மூடிமேல் மாத்திரை டப்பா. காலையில் காபி இல்லாமல் இவருக்குக் கண் திறக்காது, ராத்திரி பால் இல்லாமல் மகள் தூங்க மாட்டாள். டப்பாவை நகர்த்தாமல் மூடியைத் திறக்க முடியாது. நான் வீட்டில் இருந்துகொண்டே, சொல்லாமல், மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்தேன். ஒருவேளைகூடத் தவறவில்லை. நான் கிளம்புவதற்கு முன்னால் அந்த அம்மாள் எங்கள் இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார்: "மாத்திரை விசயத்துல மட்டும் என் பேச்சக் கேக்காதீங்க. யார் வேணா சொல்லலாம், கத்தலாம், தினம் போன் போடலாம்." மகள் அப்போது ஸ்கூலில் இருந்தாள். அவளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. தினமும் ராத்திரி போன் போட்டேன். "குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்று இவர் சிரிப்பார். பிறகு கடற்கரை முழுக்கப் புயல் மழை. டவர் போய்விட்டது, போன் போகவில்லை. பள்ளிக்கூடம் லீவு, அலுவலகம் லீவு. பால் வரவில்லை. பால் இல்லாததால் இவர் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார், மாத்திரை டப்பாவை அலமாரியில் வைத்தார். காபி இல்லை, ராத்திரிப் பால் இல்லை, மாத்திரையும் இல்லை. அன்று முழுக்க இருவரும் கேரம்போர்டு விளையாடியிருக்கிறார்கள். மறுநாளும் பால் வரவில்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது.

அந்த நேரத்தில் இவர் ஒன்றையும் தவறவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பார்த்து, சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரை விலக்கி, அவருடைய காரிலேயே அவளைப் போட்டுக்கொண்டு, வெள்ளத்தில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஆபத்து என்றால் எங்கள் குடும்பத்தில் அவரைப்போல இன்னொருவர் கிடையாது. வழியில் போன் கிடைத்ததும் எனக்குச் சொன்னார், அந்த அம்மாளுக்கும் சொன்னார்.

நான் திருச்சியிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது மகள் கண் விழித்திருந்தாள். இவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அந்த அம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை போட்டியாடா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"போடலைன்னு உனக்குத் தெரியுமா?"

தலையாட்டினாள். "தெரியும். ஆனா நான் சொல்லவே இல்லம்மா. வாய மூடிக்கிட்டே இருந்தேன். அப்பா பாஸாகணும்ல."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளின் கை மகளின் காலைவிட்டு விலகியது. "மாத்திரை விசயத்த நான் கொழந்தைக்குச் சொல்லலியே. அவகிட்ட மட்டும் சொல்லலியே" என்று இரண்டு தடவை சொன்னார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க அண்ணனுக்கு நடத்த வேண்டிய பாடத்தை என் பொண்ணை வெச்சு நடத்திட்டீங்க."

அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

மகள் வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, அழைக்காமலே அவர் வந்தார். நான் வரவேற்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அம்மா திருச்சியில் இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை. சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் வயதாகிவிட்டது. நான் திரும்பிப் போயே ஆக வேண்டும். போகலாமா என்ற அதே கேள்வி, முன்னைவிடப் பயமாக, கூடத்தில் எங்கள் நடுவில் இருந்தது.

அவர் நாற்காலியில் உட்காராமல், படம் வரைந்துகொண்டிருந்த மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, நான் அன்னிக்கிச் சொன்னது தப்பு. அப்பா மாத்திரை குடுக்க மறந்துட்டாருன்னு வெச்சுக்கோ. நீ இன்னா பண்ணுவ?"

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்தாள். "அப்பா மறக்க மாட்டாங்க."

"மறந்துட்டாருன்னா?"

"மாட்டாங்க."

"சரி, இவரு இல்ல. வேற ஒரு அப்பா. அவரு மறந்துட்டாரு. அந்தப் பாப்பா இன்னா சொல்லணும்?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். இவர் வந்து பக்கத்தில் மண்டியிட்டு, "சொல்லும்மா. அப்பா கோச்சுக்க மாட்டேன். நீ சொன்னாத்தான் அப்பா பாஸ்" என்றார். அவள் கண்ணில் தண்ணீர் திரண்டது. வாய் திறக்கவில்லை.

ஒரு பதிலுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா இருக்கக்கூடியவர் அந்த அம்மாள். அன்று அவரால் ஒரு நிமிஷம் இருக்க முடியவில்லை.

"சொல்லு கண்ணு. ஒரே ஒருவாட்டி. 'அப்பா, மாத்திரை.' என்கூட சொல்லு. கத்து. எவ்ளோ சத்தமா வேணா கத்து. அப்பா, மாத்திரை. சொல்லேன். சொல்லித் தொலையேன்டி என் தங்கமே..."

குரல் உடைந்து, அவர் அவள் முகவாயைப் பிடித்துக் கெஞ்சினார். மறுபடியும் மறுபடியும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் காட்டினார். என் மகள் அப்பாவைப் பார்த்தபடியே, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.